பின்னாலிருந்து கூப்பிட்டவள்

1

ஊரிலிருந்து வருகிற எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் முதல் கேள்வி குளிரைப் பற்றித்தான். "அந்தக் குளிர்ல எப்டிதான் இருக்கியோ, மகராசி!" என்று என் அண்ணி எழுதாத கடிதமே கிடையாது. குளிர் கிடக்கட்டும் அண்ணி. குளிருக்கு இங்கே கம்பளி விற்கிறார்கள். பெற்ற பெண் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, நாற்காலியில் யாருமே இல்லாத மாதிரி நம்மைப் பார்த்தால், அதற்கு என்ன விற்கிறார்கள்? இந்த முறை அதைத்தான் எழுதப் போகிறேன்.

போன வாரம் பெந்தெகொஸ்தே பண்டிகைக்குத் திங்கட்கிழமையும் சேர்த்து மூன்று நாள் விடுமுறை. ஒவ்வொரு வருஷமும் அந்த மூன்று நாளும் நாங்கள் இருக்கிற ஊரின் துறைமுகத்தில் சின்னப் பாய்மரப் படகுகளுக்குப் பந்தயம் நடத்துவார்கள். இந்த வருஷம் என் மகள் தேன்மொழியும் ஓட்டினாள். வினை அங்கேதான் பிடித்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் உறுவையாற்றுப் பெண். அப்பாவுக்கு நெல்லும் கரும்புமாக நாலு காணி. இவர், என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், வில்லியனூர்க்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா'வாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். புதுச்சேரி கை மாறி, எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பம் என்று கேட்டபோது பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். அறுபத்தொன்பதில் என்னைக் கட்டி இங்கே கூட்டி வந்தார். இப்போது பட்டாளத்து பென்ஷன் வருகிறது. அது போதாமல் மீனை டப்பாவில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் காவல் வேலையும் பார்க்கிறார். தேன்மொழி இங்கேயே பிறந்தவள். பதினான்கு வயசு.

கடலென்றால் எங்களுக்கு என்ன தெரியும்? மாசி மகத்துக்குத் திருக்காஞ்சி ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டால் எங்கள் தண்ணீர்க் கணக்கு முடிந்தது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் கடலில் ஒண்டியாகப் படகு விடுகிறாள். அதைப் பார்க்கத் தெம்பு வேண்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

2

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த வினை இது. இங்கே புதன்கிழமை மதியம் பாடம் கிடையாது. அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் படகு ஓட்டக் கற்றுத் தருவதாக ஒரு காகிதம் வந்தது. இவருக்கு முத்திரை குத்திய காகிதத்தைப் பார்த்தால் போதும், பட்டாளத்து ஆசாமி, கை தானாகப் பேனாவைத் தேடும். நானும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏரியில் பரிசல் விடுவது மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். நம்மூர் எருமை படுத்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ அதைவிடக் கொஞ்சம் நீளமான படகு. அதில் ஒரே ஒரு பாய். ஒரு கையில் சுக்கான் கட்டை, மறு கையில் பாயின் கயிறு. காற்று தள்ளினால் படகு ஒரு பக்கம் சாயும். சாயாமல் இருக்க, ஓட்டுகிறவள் மறுபக்கம் தண்ணீருக்கு மேலே மல்லாந்து தொங்க வேண்டும். என் பெண் அப்படித் தொங்கிக்கொண்டு சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து மிளகாய் சுற்றிப் போட்டேன். இந்த ஊர் மின்சார அடுப்பில் மிளகாய் வெடிக்கக்கூட மாட்டேன் என்கிறது.

அங்கே யாருக்கும் அவள் பெயர் வாயில் நுழையவில்லை. 'தெனு' என்று சுருக்கிவிட்டார்கள். போகப்போக வீட்டிலும் நான் தேன்மொழி என்று கூப்பிட்டால் திரும்ப ஒரு கணம் பிடித்தது.

இந்த மாசி வாக்கில் இன்னொரு காகிதம் வந்தது. தெற்கே தூரத்தில் ஒரு ஊரில், படிப்போடு படகுப் பயிற்சியும் தருகிற பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அங்கேயே தங்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் ஐந்து பேரை எடுப்பார்கள். பெந்தெகொஸ்தே பந்தயத்தில் முதல் ஐந்து இடத்துக்குள் வருகிறவர்களுக்கு இடம். தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இவர் போட்டுவிட்டார். நான் போடவில்லை. முதலில் எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. காகிதத்தில் என் குடும்பப் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். திருத்தப் போனால், கண்ணாடி போட்ட அம்மாள் கேட்கிறாள், "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" எங்களுக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் என்று என் அப்பா பெயரைச் சொன்னேன். "கணவருடையது?" அவருடைய அப்பா பெயரைச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் மகளுக்கு ஏன் அவளுடைய தாத்தாவின் பெயர்?" அடி அம்மா, அதை வைத்ததே உங்கள் அலுவலகம்தான்! இதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சாக்குத் தீர்ந்த பிறகும் போடவில்லை. பதினான்கு வயசுப் பெண்ணைக் கண்காணாத ஊரில் விட மாட்டேன் என்று பட்டென்று சொன்னேன். "மொதல்ல ஜெயிக்கிறேன். அப்பறம் பேசலாம்" என்றாள் தேன்மொழி. அவள் என் மகள். எனக்கு இருக்கிற வாய் அவளுக்கு இருக்காதா?

3

இப்போது தக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் படகுகள் உள்ளே வெற்றாக இருக்கும், மூடிய பானை மாதிரி. ஓடும்போது உள்ளே கசிகிற தண்ணீரை வடிக்கப் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கரைக்கு வந்ததும் ஓட்டையிலிருந்து தக்கையைத் திருகி எடுத்துத் தண்ணீரை வடிப்பார்கள். மறுநாள் இறக்குவதற்கு முன்னால் திரும்பத் திருகுவார்கள். மறந்தால் போச்சு. படகு மெல்ல மெல்லத் தண்ணீர் குடிக்கும்.

தேன்மொழி இரண்டு தடவை அந்தத் தக்கையைத் தொலைத்திருக்கிறாள். அதனால் சனிக்கிழமை ஓட்டம் முடிந்ததும் என் கையில் கொடுத்து, "நீ வச்சிரும்மா, உங்கிட்ட குடுத்தா தொலையாது" என்றாள். நான் இடுப்பிலிருந்த சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டேன். அன்றைக்கு அவள் நாலாவதாக வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இவருக்கு வேலை. நானும் அவளும்தான் போனோம். புடவைமேல் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு, கையில் புளிச்சோற்று டப்பா. நல்ல காற்று. கற்சரிவில் எல்லாப் பிள்ளைகளும் படகைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறார்கள். சந்தைக்கு ஓட்டிப்போகிற வாத்துக் கூட்டம் மாதிரி ஒரே இரைச்சல். அவளும் அந்த அவசரத்தில் என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். நான் மூக்கைச் சிந்தக் கைக்குட்டை தேடிச் சுருக்குப்பையை அவிழ்த்தேன். உள்ளே தக்கை.

தலை நிமிர்ந்தேன். அவள் முதுகு தெரிகிறது. இருபது முப்பது அடி தூரம்தான், ஆனால் நடுவே நுழைந்து போக முடியாதபடி படகுகள். "தேன்மொழி!" என்று ஒரு சத்தம் போட்டால் தீர்ந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் உறுவையாற்றில் எங்கள் வீட்டுக்கு அது வெறும் சாஸ்திரம் இல்லை, அஞ்சலைச் சித்தி.

நான் பாவாடை கட்டுகிற வயசில் நடந்தது. ஐப்பசி மாசம். சித்தப்பா வண்டி பூட்டி, ஆற்றைத் தாண்டி வில்லியனூருக்கு வெல்ல மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வாசல் தாண்டி வண்டி நகர்ந்ததும் சித்தி பின்னாலிருந்து, "தோ பாருய்யா, துண்ட மறந்துட்டு போறியே!" என்று கூப்பிட்டாள். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்! "போவும்போது கூப்புடுறியே, அறிவிருக்காடி?" என்று திட்டினார். அப்படிக் கூப்பிட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். "வந்து ஒக்காந்து தண்ணி குட்ச்சிட்டு போய்யா" என்று சித்தி கெஞ்சினாள். நேரமாகிவிட்டது என்று அவர் போயே போய்விட்டார். மேற்கே பெய்த மழை சங்கராபரணி ஆற்றில் திடீரென்று இறங்கியது. மாடு இரண்டும் கரையேறின. சித்தப்பா ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் சித்தியை அஞ்சலை என்று யாரும் சொல்லவில்லை. 'கூப்ட்டவ' என்றார்கள். "கூப்ட்டவ வர்றா, செத்த நின்னு போ." "கூப்ட்டவ வூட்டு வழியா போவாத." நான் பிரான்சுக்குக் கிளம்பிய அன்று என்னை வளர்த்த அந்தச் சித்தி என் கண்ணில் படக்கூடாது என்று வைக்கோற்போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாளாம். பிறகு சொன்னார்கள்.

சரிவில் நின்ற எனக்கு அந்த முந்தானைதான் தொண்டையில் வந்து அடைத்தது.

பக்கத்தில் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். அவரிடம் தக்கையை நீட்டினேன். மீன்காரியிடம் கால் மணி நேரம் பேரம் பேசுகிற என் பிரெஞ்சு அந்த நேரம் எங்கே ஓடி ஒளிந்ததோ தெரியவில்லை. "மகள், மகள்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்தப் புண்ணியவான் சிரித்தபடி, தொலைந்த பொருள்களை ஒப்படைக்கிற மேசை அதோ இருக்கிறது என்று கூடாரத்தைக் காட்டினார். அதற்குள் அவள் படகு தண்ணீரில் இறங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. துறைமுகத்தை விட்டு வெளியே போக எல்லாப் படகும் அலைத்தடுப்புச் சுவரின் முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் முந்தி ஓடி முனையில் நின்றுவிட்டால் அவளுக்கு எதிரே இருப்பேன். எதிரிலிருந்து கூப்பிட்டால் குற்றமில்லையே!

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டப்பாவை எங்கேயோ போட்டுவிட்டு, கல்லுக்குக் கல் தாண்டி ஓடினேன். பாசியில் ஒரு தடவை விழுந்தேன். வெள்ளைக்காரர்கள் வழிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முனைக்கு நான் போய்ச் சேரவும், அவள் படகு வரவும் சரியாக இருந்தது. தக்கையைத் தூக்கிக் காட்டி, "தக்கடி! தக்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்க்காற்று. ஒரு எழுத்தும் அவளுக்குப் போகவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்து கையைத் தூக்கி ஆட்டினாள். இத்தனை நாள் முகம் சுளித்துக்கொண்டே வந்த அம்மா, முதல் தடவையாகத் தனக்காக ஓடிவந்து கத்துகிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

ஊதுகொம்பு ஊதி ஓட்டம் தொடங்கியபோது அவள் முன்னால்தான் இருந்தாள். எல்லைக்குப் போட்டிருந்த முதல் மிதவையைச் சுற்றும்வரை மூன்றாவது. பிறகு படகின் பின்பக்கம் தாழ்ந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். அலை ஒவ்வொன்றும் படகின் மேலேறிப் போனது. கடைசியில் படகு ஒரு பக்கமாகச் சரிந்து படுத்தது. பாய் தண்ணீரில் விரிந்து கிடந்தது. அவள் தலை தெரியவில்லை. ஐயோ சாமி என்று நான் போட்ட சத்தம் மட்டும் அப்போது நன்றாகவே வந்தது. பிறகு பாய்க்கு அந்தப் பக்கம் அவள் கை தெரிந்தது. காவல் படகு போய்த் தூக்கிக்கொண்டு வந்தது.

4

உதடு நீலம் பாரித்து, கம்பளி சுற்றி உட்கார்ந்திருந்தவளிடம் போய்த் தக்கையை நீட்டினேன். அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மதியம் இருந்த இரண்டாவது ஓட்டத்துக்கும் அவளை விடவில்லை. உடம்பு நடுங்குகிறது, கூடாது என்று பயிற்சி தருகிறவர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் வெடித்தது. பாதி பிரெஞ்சில் பேசினாள். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"நீ வேணும்னுதான் பண்ண."

"இன்னாடி சொல்ற?"

"காயிதத்துல கையெழுத்து போடல. இப்ப தக்கய வச்சிக்கினு சும்மா நின்ன. நான் ஜெயிக்கக்கூடாது, அதானே?"

"அடிப்பாவி! பெத்தவளப் பாத்துப் பேசற பேச்சாடி இது?"

"அப்ப ஏன் கூப்புடல? நான் பக்கத்துலதான இருந்தேன்!"

சொன்னேன். சித்தப்பா, துண்டு, ஆறு, திரும்பி வந்து தண்ணீர் குடிக்காமல் போனது, 'கூப்ட்டவ' என்று சித்திக்கு வந்த பெயர், வைக்கோற்போர், எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை அவளிடம் சொன்னதே இல்லை. அசையாமல் கேட்டாள். முடித்ததும் மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் முழுவிப் பூட்டிருந்தாலும் பரவால்ல. உன்ன யாரும் கூப்ட்டவனு சொல்லக்கூடாது. அதானே?"

அப்படி இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. அப்படி இல்லை என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அவளுக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான் வாயை மூடினேனா, ஆபத்து வந்தால் பழி என்மேல் வரக்கூடாது என்றா? இரண்டும் அந்த ஒரு கணத்தில் கலந்துதான் இருந்தன.

இவர் வேலையிலிருந்து வந்து, கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கா இவ்ளோ? நானா இருந்தா கூப்ட்டிருப்பேன்."

"நீங்க கூப்ட்டா உங்களுக்கு யாரு பேரு வைக்கப் போறாங்க?" என்றேன். இவர் கைகழுவப் போய்விட்டார்.

5

திங்கட்கிழமை கடைசி நாள். காலையில் எழுந்ததும் அலமாரிமேல் நான் வைத்திருந்த தக்கையை அவளே எடுத்துக்கொண்டாள். காரில் முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். இவர் அவளிடம் விசாரித்துக்கொண்டே ஓட்டினார். ஒருவர் ஓடியதில் மோசமான ஓட்டம் ஒன்றைக் கணக்கில் கழித்துவிடுவார்களாம். ஒன்றைத்தான் கழிப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை போனதோ இரண்டு.

அன்றைக்கு அவள் ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் காற்றும் தெரியாது, பாயும் தெரியாது. ஆனால் ஏரோட்டிப் பிழைத்த குடும்பம். வேலை தெரிந்த கை எது, தெரியாத கை எது என்று கண்ணுக்குத் தெரியும். மற்றவர்கள் படகோடு மல்லுக்கு நின்றார்கள். இவள் அதற்குச் சொல்லிக் கொடுப்பதுபோல ஓட்டினாள். முதலாவதாக வந்தாள். நான் சுவரோரம் நின்று, யார் பார்த்தால் என்ன என்று கைதட்டினேன். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்று நாள் கணக்கையும் கூட்டிக் கூடாரத்து வாசலில் ஒட்டினார்கள். ஆறாவது இடம். ஐந்து பேருக்குத்தான் பள்ளிக்கூடத்தில் இடம்.

பயிற்சி தருகிறவர் அவள் தோளைத் தட்டி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவள் தலையாட்டினாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அழவில்லை. "என்னாலதான்டி" என்று பக்கத்தில் போய்ச் சொன்னேன். அவள் படகைப் பார்த்து நடந்துவிட்டாள். வீட்டில் அந்தக் காகிதம் கையெழுத்தில்லாமலே கிடந்தது. இனி நான் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். அவள் போகக்கூடாது என்று நான் நினைத்தேன், போகவில்லை. நினைத்தது நடந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவள், அந்த ஆறாவது இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் காரைக் கொண்டுவரப் போனார். அவள் படகைச் சரிவில் இழுத்து வைத்து, குனிந்து பின்பக்கத் தக்கையைத் திருகினாள். வடிந்தது ஒரு கைப்பிடித் தண்ணீர்தான். தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் என்னை அறியாமல் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துப் பிடித்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு தக்கையைத் தன் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டாள். சுருட்டிய பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

அவள் முதுகு மறுபடியும் எனக்கு எதிரே போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருந்த அதே தூரம். அவள் எதையும் மறக்கவில்லை. அவளிடம் சொல்வதற்கு என்னிடமும் எதுவும் இல்லை. இனி இவள் இப்படித்தான் நடந்து போய்க்கொண்டே இருப்பாள், நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று பட்டது. பழி வருமோ, பெயர் வருமோ, என்ன வந்தாலும் வரட்டும்.

"தேன்மொழீ!" என்று கூப்பிட்டேன்.

துறைமுகமே திரும்பிப் பார்த்தது. அவள் நின்றாள். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு பாயைக் கீழே வைத்தாள். திரும்பி நடந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், நான் சாய்ந்து நின்ற குட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்தாள்.

"தண்ணி குடு" என்றாள்.